காற்றின் கம்பளியைக் கண்டறிந்தவர் – ஜான் டிண்டால்

ராஜஸ்தானத்தில் ஜோத்பூர், பிகானேர் பக்கம் வேலை பார்த்த நம் அங்கத்தினர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். சூரியன் அஸ்தமித்த சில மணி நேரத்தில் மணல் குளிர்ந்துவிடும். மொட்டை மாடியில் படுத்தவர்கள் விடியற்காலையில் போர்வையைத் தேடுவார்கள். சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள் அனுபவமே வேறு. நடுநிசியிலும் புழுக்கம் விடாது. கடல் பக்கத்தில் இருப்பது இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. காற்றில் கலந்திருக்கும் நீராவி, பூமியிலிருந்து வானத்தை நோக்கிப் புறப்படும் உஷ்ணக் கதிர்களைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பாலைவனத்தின் வறண்ட காற்றில் நீராவி குறைவு. ஆகவே பகலில் சேர்ந்த உஷ்ணம் இரவில் தடையின்றி வெளியேறிவிடுகிறது.

இதைப் பரிசோதனை மூலம் நிரூபித்துக் காட்டியவர் ஜான் டிண்டால். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தபோது இவர் பெயர் பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. இருட்டறைக்குள் ஜன்னல் இடுக்கு வழியே வரும் வெயிலில் தூசித் துகள்கள் மினுங்குகின்றனவே, அதை விளக்கும் டிண்டால் விளைவு என்ற பகுதியில். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. அந்த மனிதர் செய்த மிகப் பெரிய காரியம் அதுவல்ல என்பது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது. இன்று உலகமே பேசும் புவி வெப்பமடைதல் என்ற விஷயத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர்களில் அவர் ஒருவர்.

எளிய குடும்பம்

டிண்டால் 1820ஆம் வருடம் ஆகஸ்ட் 2ஆம் தேதி அயர்லாந்தில் கார்லோ மாவட்டத்தைச் சேர்ந்த லெயிலின்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் போலீஸ் கான்ஸ்டபிள். கையில் பணம் இல்லாவிட்டாலும் பிள்ளையின் படிப்பில் அவர் மிகவும் அக்கறை காட்டினார். உள்ளூர்ப் பள்ளியில் நல்ல கணித ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். ஜியோமிதியும் நில அளவையும் கற்றுக்கொண்ட டிண்டால், 1839இல் அயர்லாந்து அரசாங்க சர்வே இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1842இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகருக்கு மாற்றலாயிற்று.

அங்கே சம்பளமும் நடத்தப்பட்ட விதமும் நியாயமாக இல்லை என்று ஊழியர்கள் மேலிடத்துக்கு முறையிட்டனர். அதில் முன்னே நின்றவர் டிண்டால். பத்திரிகைக்கும் எழுதினார். விளைவு, 1843இல் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அரசாங்க உத்தியோகத்தில் மனு எழுதிப் பழகிய நம்மில் பலருக்கு இந்தக் கட்டம் புரியும். நல்லவேளையாக அப்போது இங்கிலாந்தில் ரயில் பாதை போடும் மோகம் உச்சத்தில் இருந்தது. சர்வே தெரிந்தவர்களுக்குக் கிராக்கி. மூன்று வருடம் ரயில்வே சர்வேயராக உழைத்துக் கொஞ்சம் பணம் சேர்த்தார். 1847இல் ஹாம்ப்ஷயரில் குவீன்வுட் கல்லூரி என்ற பள்ளியில் கணித ஆசிரியரானார். அங்கே ரசாயனம் கற்பித்த எட்வர்ட் பிராங்க்லண்ட் அவருக்கு உற்ற நண்பரானார்.

இருபத்தெட்டு வயதில் மாணவர்

மறு வருடமே டிண்டால் எடுத்த முடிவு எவரையும் திகைக்க வைக்கும். இருந்த வேலையை விட்டுவிட்டு, சேமித்த பணத்தை எடுத்துக்கொண்டு, பிராங்க்லண்டுடன் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். வயது இருபத்தெட்டு. ஜெர்மன் பாஷை சரியாகத் தெரியாது. கைப்பணம் தீர்வதற்குள் படிப்பை முடித்தாக வேண்டும். பரிசோதனைக்கூட அடுப்புக்கு நாம் எல்லோரும் சொல்லும் புன்சன் பர்னர் என்ற பெயருக்கு உரியவரான ராபர்ட் புன்சன்தான் அங்கே ரசாயனப் பேராசிரியர். டிண்டால் இரவு பகல் பாராமல் படித்து, இரண்டு வருடத்துக்குள் 1850இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தும் வேலை கிடைக்கவில்லை. பல பல்கலைக்கழகங்களுக்கு மனுப் போட்டும் பலன் இல்லை. 1851இல் பழைய பள்ளிக்கே திரும்பினார். காந்தவியலில் செய்த ஆராய்ச்சிக்காக 1852இல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1853 பிப்ரவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு சொற்பொழிவு செய்ய அழைப்பு வந்தது. அந்த ஒரு மாலை அவர் வாழ்க்கையை மாற்றிவிட்டது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். அதே வருடம் அங்கே இயற்பியல் பேராசிரியராக நியமனம் கிடைத்தது. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகி, விஞ்ஞானத்தின் சிகரத்துக்கு உயர்ந்த மைக்கேல் ஃபாரடே அங்கே மூத்தவர். இருவருக்கும் இடையே குரு சிஷ்ய பாவமும் தகப்பன் பிள்ளை பாசமும் கலந்த உறவு வளர்ந்தது. 1867இல் ஃபாரடே காலமான பின் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றவர் டிண்டால். தம் குருவின் கண்டுபிடிப்புகளைப் பற்றி அடுத்த வருடம் ஒரு நூலும் எழுதினார்.

பனிமலையிலிருந்து வந்த கேள்வி

1856இல் நண்பர் ஹக்ஸ்லியுடன் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை ஆராயப் போனவருக்கு மலையேற்றத்தின் மீது தீராத மோகம் பிறந்தது. வைஸ்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர் அவர்தான். அது 1861 ஆகஸ்டில். ஒரு காலத்தில் பனிப்பாறைகள் ஐரோப்பாவின் பெரும் பகுதியை மூடியிருந்தன என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் அப்போது சொல்லத் தொடங்கியிருந்தனர். பூமியின் உஷ்ணம் ஏன் அப்படி ஏறி இறங்க வேண்டும்? இந்தக் கேள்வி பலரையும் போல அவரையும் பற்றிக்கொண்டது.

இதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1800இல் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தபோது பாதரசம் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்களைத்தான் அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம். சூடான எந்தப் பொருளும், நம் உடம்பும், பூமியும்கூட, இந்தக் கதிர்களை இடைவிடாமல் வெளியிடுகின்றன. 1820களில் பிரெஞ்சு கணித மேதை ஃபூரியே, பூமியிலிருந்து வெளியேறும் இந்த உஷ்ணத்தைக் காற்று மண்டலம் ஓரளவு தடுக்க வேண்டும் என்று ஊகித்தார். காற்றில் உள்ள எந்த வாயு தடுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து சொல்ல அப்போது எவராலும் முடியவில்லை.

அளக்க முடியாததை அளந்தார்

1859 மே மாதம் டிண்டால் இதில் இறங்கினார். ஏறத்தாழ நான்கடி நீளப் பித்தளைக் குழாய் ஒன்று. அதன் ஒரு பக்கம் கொதிநீர் நிரம்பிய கனசதுரப் பாத்திரம், அதுதான் உஷ்ணக் கதிர்களின் ஊற்று. மறு பக்கம் தெர்மோபைல், அதாவது உஷ்ணம் பட்டால் சிறிதளவு மின்சாரம் தரும் கருவி. அந்த மின்சாரத்தைக் காட்ட ஒரு கால்வனோமீட்டர். குழாயின் இரு முனைகளையும் மூட வேண்டுமே, கண்ணாடி போடலாமா? கூடாது. கண்ணாடி ஒளியை விடும், இந்த நீண்ட அகச்சிவப்புக் கதிர்களை விடாது. அதற்காக நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் இந்துப்பு இனத்தைச் சேர்ந்த பாறை உப்பின் தெளிந்த பெரிய படிகங்களைத் தேடிப் பிடித்து, தகடாக அறுத்து மெருகேற்றிப் பொருத்தினார். உப்புக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் குணம் கிடையாது.

ஆனாலும் ஒரு சங்கடம். வாயு தடுக்கும் உஷ்ணம் மிகச் சொற்பம். வந்து விழும் மொத்த உஷ்ணத்தோடு ஒப்பிட்டால் அந்தக் குறைவு கால்வனோமீட்டரில் தெரியவே தெரியாது. அவர் கண்ட உபாயம் தராசை ஒத்தது. தெர்மோபைலின் மறு முகத்துக்கு எதிரே இன்னொரு கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து, நடுவில் ஒரு திரையை நகர்த்தி, இரு பக்க உஷ்ணமும் சமமாகும்படி செய்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. இப்போது குழாயில் ஒரு வாயுவை விட்டால், அது கொஞ்சம் தடுத்தாலும் சமநிலை குலைந்து முள் நகர்ந்துவிடும்.

ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் வாயுக்களை விட்டார். முள் கிட்டத்தட்ட அசையவில்லை. கரியமில வாயுவை விட்டார், முள் விலகியது. எத்திலீன், அம்மோனியா வாயுக்களுக்கு வெகுதூரம் ஓடியது. கண்ணுக்கு எல்லாமே ஒன்றுபோல நிறமற்ற வாயுக்கள்தான். அகச்சிவப்பின் கண்ணுக்கோ சில வாயுக்கள் தெளிந்த தண்ணீர், சில வாயுக்கள் மை. 1859 ஜூன் 10ஆம் தேதி, விக்டோரியா ராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் தலைமையில் கூடிய சபையில் இதைச் செய்து காட்டினார்.

அதன் பிறகுதான் உண்மையான உழைப்பு ஆரம்பித்தது. அறைக் காற்றை அப்படியே விட்டால் ஒரு அளவு, சுத்திகரித்து விட்டால் வேறு அளவு. 1860 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தினமும் எட்டு முதல் பத்து மணி நேரம் பரிசோதனைக்கூடத்திலேயே கிடந்தார். காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் முழுவதும் நீக்கிய பிறகு, மிச்சமிருந்த காற்று ஏறக்குறைய ஒன்றையுமே தடுக்கவில்லை. காற்றில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு நைட்ரஜனும் ஆக்ஸிஜனும். அந்தத் தொண்ணூற்றொன்பது பங்கும் சும்மா இருக்க, அற்பமாகக் கலந்திருக்கும் நீராவிதான் பெரும் பகுதி வேலையைச் செய்தது.

வாசனைத் திரவியங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. வறண்ட காற்றைச் சந்தனம், கிராம்பு, ரோஜா அத்தர் முதலியவற்றின் மேல் செலுத்திக் குழாய்க்குள் விட்டார். சந்தன வாசனை ஏறிய காற்று, வெறும் காற்றைப் போல் முப்பது மடங்குக்கு மேல் உஷ்ணத்தைத் தடுத்தது. சோம்பு எண்ணெயின் மணம் முந்நூறு மடங்குக்கு மேல். தராசில் நிறுக்க முடியாத அளவு வாசனைக்கு இவ்வளவு சக்தி!

1861 பிப்ரவரியில் ராயல் சொஸைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவாக இந்த முடிவுகளை வெளியிட்டார். நீராவியும் கரியமில வாயுவும் கூடினாலும் குறைந்தாலும் பூமியின் சீதோஷ்ணம் மாறும், பூகர்ப்ப சாஸ்திரிகள் காணும் பழைய மாறுதல்களுக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் அந்த இடத்தில் தண்ணீர் மட்டம் உயர்வதுபோல, வெளியேறும் உஷ்ணத்துக்குக் குறுக்கே நிற்கும் காற்று மண்டலம் தரையில் உஷ்ணத்தை உயர்த்துகிறது என்பது அவர் தந்த உவமை. அணை கட்டினால் ஆறு நின்றுவிடுவதில்லை. மட்டம் உயர்ந்த பிறகு வந்த தண்ணீர் முழுவதும் வழிந்து போகத்தான் செய்கிறது. இதைவிடச் சரியான உவமை இன்றுவரை யாரும் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பெர்லினில் பெரும் புகழ் பெற்றிருந்த மாக்னஸ், நீராவிக்கு அந்தச் சக்தி இல்லை என்று சாதித்தார். உப்புத் தகட்டில் ஈரம் படிந்து டிண்டாலை ஏமாற்றிவிட்டது என்பது அவர் கட்சி. டிண்டால் உப்புத் தகடுகளையே நீக்கிவிட்டு, திறந்த குழாயில் பரிசோதனை செய்து அதே முடிவைக் காட்டினார். வாதம் பல வருடம் நீண்டது. இருவருக்கும் இடையே மரியாதை மட்டும் கெடவில்லை. 1864இல் ராயல் சொஸைட்டி இந்த ஆராய்ச்சிக்காக டிண்டாலுக்கு ரம்ஃபோர்டு பதக்கம் வழங்கியது.

ஏன் சில வாயுக்கள் மட்டும்?

டிண்டால் எப்படி என்று அளந்தாரே தவிர, ஏன் என்ற கேள்விக்கு முழு விடை அவர் காலத்தில் கிடையாது. மூலகங்களாக உள்ள வாயுக்கள் உஷ்ணத்தைத் தடுப்பதில்லை, கூட்டுப் பொருள்களாக உள்ள வாயுக்கள்தான் தடுக்கின்றன என்பதை அவர் கவனித்தார். மூலக்கூறின் அமைப்பில்தான் ரகசியம் இருக்கிறது என்று சரியாக ஊகித்தார். விடை இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

ஒரு மூலக்கூறை, வில்சுருளால் இணைத்த குண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். அது சதா அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அகச்சிவப்புக் கதிர் என்பது மின்புலத்தின் அலை. நம் வீட்டுக் கூடத்து ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் வீச்சு அதிகமாகிறது, தாளம் தப்பித் தள்ளினால் பயனில்லை. அதுபோல, அலையின் தாளமும் மூலக்கூறின் தாளமும் ஒத்துப்போனால்தான் அலையின் சக்தி மூலக்கூறுக்குள் இறங்கும். தாளம் ஒத்தால் மட்டும் போதாது, தள்ளுவதற்குப் பிடிமானமும் வேண்டும். மின்புலத்துக்குப் பிடிமானம் மின்னேற்றம்தான். மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர் மின்னேற்றமும் மறுபக்கம் சற்று எதிர் மின்னேற்றமுமாக இருந்து, அதிர்வின்போது அந்த ஏற்றத்தாழ்வு மாறினால்தான் அலை அதைப் பிடித்து ஆட்ட முடியும்.

நைட்ரஜன் மூலக்கூறில் இருப்பவை இரண்டு ஒரே மாதிரி அணுக்கள். ஆக்ஸிஜனும் அப்படியே. இரு பக்கமும் சமம் என்பதால் பிடிமானம் இல்லை. எனவே அவை அகச்சிவப்பைக் கண்டுகொள்வதில்லை. கரியமில வாயுவில் நடுவே ஒரு கார்பன், இரு பக்கமும் ஆக்ஸிஜன், மூன்றும் ஒரே நேர்கோட்டில். இரண்டு ஆக்ஸிஜனும் ஒரே சமயத்தில் வெளியே போய் உள்ளே வந்தால் சமநிலை கெடாது. அந்த அதிர்வு அகச்சிவப்பைக் கவராது. ஒன்று நெருங்கும்போது மற்றொன்று விலகினால் சமநிலை கெடும். அப்போது 4.3 மைக்ரான் அலைநீளத்தில் கவரும். நேர்கோடு வில்போல வளைந்து நிமிர்ந்தால் 15 மைக்ரான் அலைநீளத்தில் கவரும். இந்த வளையும் அதிர்வு விநாடிக்குச் சுமார் இருபது லட்சம் கோடி முறை நடக்கிறது.

இந்த 15 மைக்ரான்தான் விவகாரமே. நம் பூமி வெளியிடும் உஷ்ணக் கதிர்கள் 10 மைக்ரானை ஒட்டிய பகுதியில் உச்சத்தில் இருக்கின்றன. 15 மைக்ரான் அதற்கு மிக அருகில், கதிர்கள் தாராளமாக உள்ள இடத்தில் விழுகிறது. நீராவி மூலக்கூறோ பிறவியிலேயே வளைந்தது. அதற்குப் பிடிமானம் எப்போதும் உண்டு. அதிர்வதோடு சுழன்றும் கதிர்களைக் கவரும். ஆகவேதான் அது எல்லாவற்றையும்விடப் பெரிய கம்பளியாக இருக்கிறது. கதிரைக் கவர்ந்த மூலக்கூறு பக்கத்தில் உள்ள நைட்ரஜன், ஆக்ஸிஜன்மீது மோதி அந்தச் சக்தியைப் பகிர்கிறது, காற்று சூடாகிறது. அந்தக் காற்றும் கதிர்களை வெளியிடுகிறது. ஒரு பகுதி மேலே போகிறது, ஒரு பகுதி பூமிக்கே திரும்புகிறது. இந்த ஏற்பாடு மட்டும் இல்லாவிட்டால் பூமியின் சராசரி உஷ்ணம் இப்போதுள்ள 15 டிகிரி செல்சியஸுக்குப் பதிலாகப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியாக இருக்கும். கடல்கள் உறைந்திருக்கும், நாம் இருந்திருக்க மாட்டோம்.

முந்திக்கொண்ட ஒரு பெண்மணி

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிண்டாலுக்கு மூன்று வருடம் முன்பே, 1856இல், அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு நிரம்பிய உருளை அதிகம் சூடாயிற்று, ஆறுவதற்கும் அதிக நேரம் பிடித்தது. இந்த வாயு அதிகமாக இருந்த காலத்தில் பூமி உஷ்ணமாக இருந்திருக்கும் என்று அவர் எழுதினார். ஆல்பனி நகரில் நடந்த விஞ்ஞான சபைக் கூட்டத்தில் அவர் கட்டுரையை ஜோசப் ஹென்றி படித்தார். அதன் பிறகு அது மறக்கப்பட்டு, 2011வாக்கில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் செய்தது சூரிய ஒளியை வைத்து. பூமி வெளியிடும் நீண்ட அலைக் கதிர்களைத் தனியே பிரித்து அளந்தவர் டிண்டால்தான். இருந்தாலும் வாயுவையும் சீதோஷ்ணத்தையும் முதலில் முடிச்சுப் போட்ட பெருமை அந்த அம்மையாருக்கே. ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை.

வானின் நீலமும் கிருமிகளும்

டிண்டாலின் மற்ற பணிகளைச் சுருக்கமாகவே சொல்ல இடமிருக்கிறது. 1869இல் நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதை ஆராய்ந்து வானின் நீலத்துக்கு விளக்கம் தேடினார். அதே ஒளிக்கற்றையைக் கொண்டு ஓர் அறையின் காற்று தூசியற்றதா என்று பார்க்கும் முறையைக் கண்டார். தூசியற்ற காற்றில் வைத்த மாமிசச் சாறு கெடவில்லை. உயிர் தானாகத் தோன்றுவதில்லை, காற்றில் மிதக்கும் கிருமிகளே காரணம் என்ற பாஸ்டரின் கட்சிக்கு இது பெரிய பலம். ஒரு முறை கொதிக்க வைத்தால் சாகாத கிருமி வித்துகளை, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கொதிக்க வைத்து ஒழிக்கும் முறையை 1877இல் வெளியிட்டார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

1872–73இல் அமெரிக்காவில் சொற்பொழிவுகள் செய்தபோது கூட்டம் அலைமோதியது. செலவு போக மிஞ்சிய பணத்தில் ஒரு காசு தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க மாணவர்களின் விஞ்ஞானப் படிப்புக்கே தர்மமாக வைத்துவிட்டார். கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் அரசாங்க அமைப்புக்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்தபோது, அயர்லாந்துக்காரர் ஒருவரின் விளக்கு அமைப்புக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று கருதி 1883இல் அந்தப் பதவியை உதறினார். சர்வே இலாகாவில் மனு எழுதிய அந்த இளைஞர் அறுபது வயதுக்கு மேலும் மாறவே இல்லை.

1874இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தின் தலைவராகப் பேசியபோது, பிரபஞ்சம் எப்படி இயங்குகிறது என்பதை ஆராயும் உரிமை விஞ்ஞானத்துக்கே உரியது, மதபீடங்கள் அதில் குறுக்கிடலாகாது என்றார். பாதிரிமார்கள் கொதித்தெழுந்தார்கள். நாஸ்திகர் என்று தூற்றினார்கள். ஆனால் அவரே இன்னொரு சமயம், மூளையின் அணுக்கள் எப்படி அசைகின்றன என்று முழுவதும் தெரிந்துவிட்டாலும், அதிலிருந்து உணர்வு என்பது எப்படி உண்டாகிறது என்பது விளங்காது என்று ஒப்புக்கொண்டார். உபநிஷத்துகளில் ஈடுபாடு உள்ள நமக்கு இந்த இடம் சிந்தனைக்குரியது. தெரிந்ததைத் தயங்காமல் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்.

ஒரு கரண்டி மருந்து

1876இல், ஐம்பத்தைந்து வயதில், லூயிஸா ஹாமில்டன் என்ற பெண்மணியை மணந்தார். இருவருக்கும் இருபத்தைந்து வயது வித்தியாசம். குழந்தைகள் இல்லை. கணவரின் கடிதங்களிலும் பணிகளிலும் அவர் முழுத் துணையாக இருந்தார். டிண்டாலுக்கு வாலிபம் முதலே தூக்கமின்மை என்ற உபாதை. உடல் நலிந்து 1887இல் பதவியைத் துறந்து, ஹைண்ட்ஹெட் என்ற மலைப்பாங்கான ஊரில் வீடு கட்டிக்கொண்டு தங்கினார். தூக்கத்துக்குக் குளோரல் என்ற மருந்தும், வயிற்றுக் கோளாறுக்கு மக்னீஷியாவும் வழக்கமாக எடுத்து வந்தார்.

1893 டிசம்பர் 4ஆம் தேதி காலை மக்னீஷியா என்று நினைத்து மனைவி கொடுத்தது குளோரல். விழுங்கிய உடனே இருவருக்கும் தவறு தெரிந்துவிட்டது. டாக்டர்கள் எவ்வளவோ பாடுபட்டும் அன்று மாலை உயிர் பிரிந்தது. பதினேழு வருடம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் கையாலேயே முடிவு. இதை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது. நம் வீடுகளிலும் வயதான தம்பதிகள் ஒருவருக்கொருவர் மாத்திரை எடுத்துக் கொடுத்துத்தான் காலம் தள்ளுகிறோம். பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டி, வெளிச்சத்தில் பார்த்துக் கொடுங்கள் என்று இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது.

லூயிஸா அம்மையார் அதன் பின் நாற்பத்தேழு வருடம் வாழ்ந்தார். கணவரின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சேகரித்து, ஒரு முழுமையான சரித்திரம் எழுத வேண்டும் என்று பாடுபட்டார். எவ்வளவு செய்தாலும் போதாது என்ற எண்ணத்தில் அது முடியவே இல்லை. 1940இல் அவர் காலமான பிறகு, 1945இல்தான் வேறு இருவர் எழுதிய சரித்திரம் வெளிவந்தது. அதற்குள் உலகம் டிண்டாலை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தது.

நம்மவர் தொடர்பு

டிண்டால் மறைந்த மூன்றாம் வருடம், 1896இல், ஸ்வீடன் நாட்டு அரீனியஸ் கரியமில வாயு இரு மடங்கானால் பூமியின் உஷ்ணம் 5 முதல் 6 டிகிரி உயரும் என்று கையால் கணக்குப் போட்டார். இன்றைய மதிப்பீடுகள் அதைவிடக் குறைவு என்றாலும் போன திசை சரி. 1958இல் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மலையுச்சியில் அந்த வாயுவை இடைவிடாமல் அளக்க ஆரம்பித்தார். அவர் கருவியும் அகச்சிவப்பைக் கவரும் குணத்தை வைத்தே வேலை செய்தது. அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்காக இருந்தது, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது.

இந்தக் கதையில் நமக்குப் பழக்கமான பெயர்களும் உண்டு. அகச்சிவப்புக்குப் பிடி கொடுக்காத நைட்ரஜன், ஆக்ஸிஜன் அதிர்வுகளையும், கரியமில வாயுவின் சமச்சீரான அதிர்வையும் எப்படிக் காண்பது? அதற்கு வழி காட்டியது 1928இல் சர் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட ராமன் விளைவு. இரண்டு முறைகளும் ஒன்றை ஒன்று பூர்த்தி செய்கின்றன. ராமனும் ஆரம்பத்தில் நம்மைப்போல் அரசாங்க உத்தியோகஸ்தர்தான் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே. 1975இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃப்ளோரோகார்பன் வாயுக்கள் அகச்சிவப்பைக் கவர்வதில் கரியமில வாயுவைவிட மூலக்கூறுக்கு மூலக்கூறு பல்லாயிரம் மடங்கு வல்லவை என்று காட்டினார். 8 முதல் 12 மைக்ரான் வரை வானத்துக்குத் திறந்திருந்த ஜன்னலை அவை மூடுகின்றன. இளம் வயதில் குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் அதே வாயுக்களோடு வேலை பார்த்தவர் அவர்.

இதெல்லாம் விஞ்ஞானிகள் சமாசாரம் என்று விட்டுவிட வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் இருப்பவரின் மூச்சில் கரியமில வாயு சரியாக வருகிறதா என்று ஒரு திரை கோடு வரைந்து காட்டுகிறதே, அது டிண்டால் முறைதான். மூச்சில் உள்ள அந்த வாயுவை இந்த வழியில் அளக்கலாம் என்பது 1860களிலேயே அவர் பரிசோதனைக்கூடத்தில் செய்து காட்டப்பட்டது. பெட்ரோல் பங்கில் காரின் புகைக் குழாயில் கம்பியைச் செருகிச் சான்றிதழ் தருகிறார்களே, அங்கே கார்பன் மோனாக்ஸைடை அளப்பதும் அதே தத்துவம். 2013இல் ஏவப்பட்ட நமது இன்சாட்-3டி செயற்கைக்கோள் வானத்து நீராவியைப் படம் பிடித்ததும் அப்படித்தான்.

கான்ஸ்டபிள் மகனாகப் பிறந்து, வேலையிலிருந்து நீக்கப்பட்டு, இருபத்தெட்டு வயதில் மாணவனாகி, உப்புத் தகடும் கொதிநீரும் கொண்டு பூமியின் கம்பளியை அளந்தவர் டிண்டால். அந்தக் கம்பளி இல்லாவிட்டால் நாம் விறைத்துப்போவோம். அதையே ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதுதான் நம் பேரன் பேத்திகள் சந்திக்கப்போகும் கேள்வி. அடுத்த முறை அவர்கள் பள்ளியிலிருந்து வந்து டிண்டால் விளைவு என்றால் என்ன தாத்தா என்று கேட்டால், தூசியைப் பற்றி இரண்டு மார்க்குக்குச் சொல்லிவிட்டு, இந்த நான்கடிக் குழாயின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.